பாரம் தூக்கும் ஹெலிகொப்டர்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள், கராஜில் நிற்கிற பொடியள், பலாலிப் பக்கம் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. ஒரு இடத்தில் விளக்கியதை இன்னொரு இடத்தில் திரும்பச் சொல்லவில்லை. மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

1. எத்தினை தொன் தூக்கினால் 'பாரம் தூக்கி' எண்டு சொல்லலாம்? பலாலிக்கு வாற ஹெலியும் அந்த வகையோ?

கோடு கிழித்த எல்லை இல்லை. ஏறக்குறைய 9, 10 தொன்னுக்கு மேல் சுமந்தால் கனரக வகை என்று துறையில் சொல்வார்கள். இலங்கை விமானப்படையின் மி-17 சுமார் 4 தொன் தூக்கும். அது நடுத்தர வகை. பெல் 212 அதைவிடச் சிறியது. கனரக ஹெலிகொப்டர் இலங்கையிடம் இல்லை. பக்கத்தில் என்றால் இந்தியா: 2015இல் ஒப்பந்தம் செய்த 15 அமெரிக்கச் சினூக் ஹெலிகளில் முதல் தொகுதி 2019 மார்ச்சில் சண்டிகரில் சேவைக்கு வந்தது.

சீமெந்து மூட்டையில் கணக்குப் பார்த்தால் விளங்கும். மூட்டை 50 கிலோ. மி-17 ஒரு தடவைக்கு 80 மூட்டை. சினூக் 200ஐத் தாண்டும். அமெரிக்காவின் சிஎச்-53கே வெளியே தொங்கவிட்டு அதிகபட்சம் 16 தொன், அதாவது 320 மூட்டைக்கு மேல். ரஷ்யாவின் மி-26 20 தொன், 400 மூட்டை.

2. புத்தகத்தில 16 தொன் எண்டு கிடக்கு, பிறகேன் 12 தொன் எண்டு கதைக்கினம்?

சிஎச்-53கேயைப் பற்றிய கேள்வி இது, இரண்டும் சரி. 16 தொன் என்பது கொக்கியும் உடற்சட்டமும் தாங்கும் உச்ச அளவு. 12 தொன் என்பது வேலை செய்கிற அளவு. சிஎச்-53கே வடிவமைக்கப்பட்டது இந்தக் கணக்குக்குத்தான்: கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரம், 33 பாகை செல்சியஸ் வெப்பம், 110 கடல் மைல் தூரம், 27,000 இறாத்தல் சுமை. 27,000 இறாத்தல் என்றால் 12 தொன்னும் கொஞ்சமும்.

சூடான காற்று ஐதானது. பிளேட் தள்ளுவதற்குக் காற்றுக் குறைவு, எஞ்சின் உறிஞ்சுவதற்கும் குறைவு. 33 பாகை எங்களுக்குச் சாதாரண மத்தியான வெயில். ஆகவே 15 பாகைக் குளிரில் எடுத்த விளம்பர எண்ணை வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போட்டால் பிழைக்கும்.

3. பெரிய எஞ்சின் பூட்டினால் கூடத் தூக்கும்தானே? ஏன் எப்ப பாத்தாலும் கியர்பெட்டி, கியர்பெட்டி எண்டு நிக்கிறியள்?

எஞ்சின் வேகமாகச் சுற்றும். ரோட்டர், அதாவது மேலே சுற்றும் பிளேட் தொகுதி, மெதுவாகத்தான் சுற்றலாம். பிளேட்டின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இழுவை ஏறி, அதிர்வு பிடித்து, தூக்குதிறன் கெட்டுவிடும். சினூக்கின் ரோட்டர் 18.3 மீற்றர் விட்டம், நிமிடத்துக்கு 225 சுற்று. நுனி வேகம் செக்கனுக்கு சுமார் 215 மீற்றர். மி-26இன் ரோட்டர் 32 மீற்றர், 132 சுற்று. நுனி வேகம் சுமார் 221 மீற்றர். பருமன் எவ்வளவு வித்தியாசப்பட்டாலும் நுனி வேகம் ஏறக்குறைய ஒன்றே. ரோட்டர் பெருக்கப் பெருக்கச் சுற்று குறையத்தான் வேண்டும்.

லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை முதல் கியரில் போட்டால் மெதுவாகப் போகும், ஆனால் இழுக்கும். அதே விதி. மி-26இன் டி-136 எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 8,300 சுற்றில் சக்தியைத் தருகிறது. அதை 132க்கு இறக்கும்போது முறுக்குவிசை 60 மடங்குக்கு மேல் பெருகி, ரோட்டர் தண்டில் பத்து இலட்சம் நியூற்றன் மீற்றரைத் தாண்டுகிறது. சின்னக் கார் எஞ்சின் தருவது நூற்றுச் சொச்சம். அந்த முறுக்கு முழுவதும் பற்சில்லுகளின் பல் முகத்தில், விரல் அகலத் தொடுகையில் இறங்குகிறது.

அதனால்தான் மி-26ஐச் செய்யும்போது மாரத் திஷென்கோ தலைமையிலான, மி வகை ஹெலிகளை வடிவமைக்கும் மில் வடிவமைப்பகம் கியர்பெட்டியைத் தானே வடிவமைத்தது. வழக்கமான கோள்பற்சில்லு (நடுச் சில்லைச் சுற்றிச் சின்னச் சில்லுகள் ஓடும்) அமைப்பைக் கைவிட்டு, சக்தியைப் பல வழிகளாகப் பிரித்துக் கடைசிப் பெரிய சில்லில் சேர்த்தார்கள். பாரம் தூக்கும் ஹெலியின் உண்மையான கொள்ளளவு கியர்பெட்டியின் கொள்ளளவுதான். மேலே எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும், விமானி கியர்பெட்டியின் முறுக்கு எல்லைக்கு மேல் இழுக்க முடியாது.

4. சினூக்கில முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு ரோட்டர். ஒண்டோட ஒண்டு அடிபடாதோ?

இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பிளேட். ஒன்றின் இடைவெளிக்குள் மற்றதன் பிளேட் வந்து போகும்படி, எதிரெதிர்த் திசையில் பூட்டிச் சுற்றுகிறார்கள். இந்த ஒத்திசைவைக் காப்பது மின்னணு அல்ல, இரும்பு: இரண்டு எஞ்சின் கியர்பெட்டி, அவற்றை இணைக்கும் ஒரு பெட்டி, முன் பெட்டி, பின் பெட்டி, இடையில் முதுகு நெடுக ஓடும் தண்டு. ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது இரண்டு ரோட்டரையும் சுற்றும்.

இந்தச் சங்கிலி அறுந்தால் தப்ப வழியில்லை. 1986 நவம்பர் 6ஆம் திகதி, வடகடல் எண்ணெய் வயலிலிருந்து வந்த சிவில் சினூக் ஒன்று ஷெட்லாந்தின் சம்பரோ விமானநிலையத்தை நெருங்கும்போது விழுந்தது. இருந்த 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். முன் கியர்பெட்டியிலிருந்த வளையப் பற்சில்லில் களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகத்தில் வரும் வெடிப்பு. அது உடைய ஒத்திசைவு போய், பிளேட்டுகள் ஒன்றையொன்று வெட்டின. அந்தச் சில்லின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பின் செய்த சோதனை போதவில்லை என்பதே விசாரணையில் தெரிந்தது. 'சின்ன மாற்றம்தானே' என்று சொல்கிறவர்களிடம் காட்ட வேண்டிய விபத்து இது.

5. கீழ தொங்கவிட்ட சாமான் ஆடாதோ? கொக்கி கொழுவிறவருக்கு கரண்ட் அடிக்குமாம், மெய்யோ?

மெய்தான். காற்றோடும் தூசியோடும் உரசிச் சுற்றும் பிளேட்டுகளால் உடலில் நிலைமின் ஏறுகிறது. நிலத்தில் நிற்கிறவர் வெறுங்கையால் கொக்கியைத் தொட்டால் ஆளைத் தூக்கிப் போடக்கூடிய அடி விழும். நிலத்தில் அடித்த கம்பியோடு இணைத்த, காப்பிட்ட கைபிடியுள்ள தடியை முதலில் கொக்கியில் தொடவைத்து, தொட்டபடியே வைத்துக்கொண்டு கொழுவ வேண்டும். ஒருக்கால் தொட்டுவிட்டு எடுத்தால் திரும்ப ஏறிவிடும்.

ஒற்றைக் கொக்கியில் தொங்குகிற பெட்டி சுழலும், வேகம் கூடினால் ஊஞ்சலாடும். அதற்காகத்தான் சினூக்கில் மூன்று கொக்கி: நடுவில் 26,000 இறாத்தலுக்கு ஒன்று, முன்னும் பின்னும் 17,000 இறாத்தலுக்கு ஒவ்வொன்று. நீளமான சுமையை முன்–பின் கொக்கிகளில் கொழுவினால் திரும்பாமல் வரும். கொக்கியும் வாரும் உதிரிப்பாகங்களே; அவற்றுக்கும் பரிசோதனைத் திகதி உண்டு. நைலோன் வாரில் வெட்டு, உருகின பளபளப்பு, நூல் பிரிவு கண்டால் கழித்துவிட வேண்டும். தைத்துப் பாவிக்கக் கூடாது.

6. ஸ்பெயர் பாட்ஸ் எண்டால் எல்லாம் ஒண்டுதானே. நம்பரைக் குடுத்து வாங்கேலாதோ?

மூன்று சாதி உண்டு. முதலாவது, பாவித்து எறிவது: ரப்பர் வளையம், பிளவு ஊசி, பூட்டுக் கம்பி, வடிகட்டி. இரண்டாவது, கழற்றித் திருத்தித் திரும்பப் பூட்டுவது: பம்பி, ஹைட்ரோலிக் சேர்வோ, கியர்பெட்டி, எஞ்சின். மூன்றாவது, ஆயுள் எல்லையுள்ளது: ரோட்டர் நடுக்குடம், பிளேட் பிடிக்கும் ஊசி, டர்பைன் தட்டு. மூன்றாவது வகையைத் திருத்த முடியாது. மணி முடிந்தால் முடிந்தது, பார்வைக்குப் புதுசு போல இருந்தாலும்.

எங்கள் மோட்டார் கடையில் 'ஒறிஜினலோ, லோக்கலோ' என்று கேட்டால் போதும். இங்கே கடதாசிதான் சாமான். ஆயுள் எல்லையுள்ள பாகத்துக்கு அது பிறந்த நாளிலிருந்து எந்தெந்த ஹெலியில், எத்தனை மணி, எத்தனை சுற்று ஓடியது என்ற பதிவு இடைவெளியில்லாமல் வேண்டும். ரஷ்ய வகைகளில் ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் கடவுச்சீட்டு என்றே ஒரு புத்தகம் வரும். அந்தப் புத்தகம் தொலைந்தால் நல்ல கியர்பெட்டியும் பழைய இரும்புதான். கழித்த பாகத்தை வாள் போட்டு அறுத்துவிட வேண்டும் என்ற விதியும் இதனால்தான். அறுக்காமல் விட்டால் பூச்சுப் பூசி, கள்ளக் கடதாசியோடு சந்தைக்குத் திரும்பிவிடும்.

7. ஒரு ரப்பர் வளையத்துக்காக நானூறு சினூக்கையும் நிப்பாட்டினவையாம். உது நம்பக்கூடிய கதையோ?

நம்பலாம். 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தரைப்படை தன் சினூக் அணியை, சுமார் 400 ஹெலியை, நிறுத்தியது. சிலவற்றில் எரிபொருள் கசிந்து எஞ்சினில் தீப்பிடித்திருந்தது, உயிர்ச்சேதம் இல்லை. குறிப்பிட்ட தரத்துக்குப் பொருந்தாத ரப்பர் வளையங்கள் பராமரிப்பின்போது பூட்டப்பட்டிருந்தன என்று எஞ்சின் நிறுவனம் சொன்னது.

வளையத்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு. ஹைட்ரோலிக் எண்ணெய்க்கான ரப்பரை எரிபொருளில் போட்டால் ஊதும், அல்லது சுருங்கிக் கட்டியாகும். இரண்டு வழியாலும் கசியும். அதனால் பொட்டலத்தைப் பூட்டும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். பாக இலக்கத்தையும் ரப்பர் பதமாக்கிய திகதியையும் பொட்டலத்தில் வாசித்து எழுதிவிட்டு, அதன் பிறகே பிரிப்பது ஒழுங்கு. தட்டில் கொட்டிக் கலந்து வைக்கிற பழக்கம் கராஜோடு நிற்கட்டும்.

பூட்டும் முறை: பழையதை இரும்பு ஸ்குரூட்ரைவரால் கிண்டக் கூடாது, பள்ளத்தில் விழும் கீறல் புது வளையத்தையும் கசியவைக்கும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் கொக்கி பாவிக்கவும். பள்ளத்தைத் துடைத்து, அந்தத் தொகுதியில் ஓடும் அதே திரவத்தைத் தடவவும். புரியின் மேலால் ஏற்றுவதென்றால் புரியை மூடிக்கொண்டு ஏற்றவும். உருட்டி ஏற்றினால் வளையம் முறுகி நிற்கும். உள்ளே ஒரு சுருள் இருந்தால் சோதனை ஓட்டத்தில் பிடிக்கும், சூடேறியதும் விடும். கழற்றினதைத் திரும்பப் பூட்டவே கூடாது.

8. மணிக்கணக்கு எண்டுறியள், வருசக்கணக்கு எண்டும் சொல்லுறியள். எது சரி? ஓடாமல் நிண்டால் தேயாதுதானே?

எது முந்துகிறதோ அது. ஓடினால் உலோகம் களைக்கும், நின்றால் ரப்பர் காயும், பெயாரிங்கில் துரு பிடிக்கும். நின்றுபோன ஹெலியை 'புதுசு மாதிரி' என்று விற்கிறவர்கள் இந்த இரண்டாவதைச் சொல்வதில்லை.

பாரம் தூக்கிக்கு மூன்றாவது கணக்கும் உண்டு: எத்தனை தடவை சுமை ஏறி இறங்கியது. நேராகப் பறந்த ஒரு மணியும், மணிக்கு முப்பது தடவை சுமை தூக்கி வைத்த ஒரு மணியும் பறப்புப் புத்தகத்தில் ஒன்றுதான். உலோகத்துக்கு ஒன்றல்ல. அதற்காக பெல் ஹெலிகளின் சில ரோட்டர் தண்டுகளுக்கு மணியோடு சேர்த்து, பறப்பெழுந்ததையும் சுமை தூக்கினதையும் புள்ளியாக்கி ஒரு சுட்டெண் கூட்டுவார்கள். சுட்டெண் எல்லை தொட்டால் மணி மிச்சமிருந்தாலும் தண்டு கழிவுதான்.

9. கியர்பெட்டியில 'சிப்' லைட் பத்தினால் என்ன செய்யிறது? எல்லாத்துக்கும் கியர்பெட்டி மாத்தவேணுமோ?

பறக்கும்போது பற்றினால் விமானிக்கான நடைமுறைப்படி விரைவில் இறங்க வேண்டும். மிச்சம் நிலத்தில். அந்த விளக்கு, எண்ணெய்க்குள் இருக்கும் காந்த முனையின் இடைவெளியை இரும்புத் தூள் இணைத்ததால் பற்றுகிறது. முனையைக் கழற்றும்போது துடைத்துவிடாதீர்கள். துடைத்தால் சாட்சி போய்விட்டது. வெள்ளைத் துணியில் அல்லது வடிகட்டித் தாளில் மெல்ல இறக்கி, உருப்பெருக்கியால் பாருங்கள்.

கறுப்புப் பசை போல, மயிர்த் துகள் போல இருந்தால் சாதாரண தேய்மானம். புதிய கியர்பெட்டியில் எதிர்பார்க்கலாம். மெல்லிய செதிள், ஒரு பக்கம் மினுக்கம், விளிம்பு ஒழுங்கில்லை என்றால் பெயாரிங்கோ பல்லோ உரிகிறது. நீள முடிச்சுச் சீவல் என்றால் எங்கேயோ ஒரு பாகம் உரசி வெட்டுகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் பெயாரிங் கூட்டின் வெண்கலமாக இருக்கலாம். அதற்கு விளக்கு பற்றாது, வடிகட்டியை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த அளவுக்கு மேல் கழற்றுவது என்பதை அந்த ஹெலியின் கைநூல் மில்லிமீற்றரில் சொல்லும். எல்லைக்குள் என்றால் எண்ணெயை வடித்து, வடிகட்டி மாற்றி, நிலத்தில் ஓடவிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். பிறகும் குறுகிய இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் மாதிரியை ஆய்வுகூடத்துக்கும் அனுப்பலாம். ஒரு தடவை வந்த எண்ணைவிட, நாலைந்து மாதிரிகளில் அது ஏறுகிற போக்குத்தான் முக்கியம்.

10. எங்கட உப்புக்காத்து என்ன செய்யும்? கிணத்துத் தண்ணியால கழுவினால் காணாதோ?

உடலின் வெளிப்புறத்தைக் கழுவ நல்ல தண்ணீர் எதுவும் உதவும். எஞ்சினுக்குள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டவே கூடாது. எங்கள் நிலம் சுண்ணக்கல், தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைப் படிவு கொம்பிரசர் பிளேட்டில் பிடித்தால் காற்றோட்டம் கெட்டு, எஞ்சின் சூடேறி, சக்தி குறையும். உப்பை எடுக்கப் போய்ச் சுண்ணாம்பு பூசின கதையாகும். கனிமம் நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, பற்றவைப்பை நிறுத்தி, ஸ்டாட்டரால் மட்டும் சுற்றி, வாயிலிருந்து தெளித்து, வடியவிட்டு, பிறகு ஓட்டிக் காயவைக்க வேண்டும். ஸ்டாட்டருக்கும் ஓய்வு நேரம் உண்டு. தொடர்ந்து சுற்றினால் அது எரியும்.

அதிகம் பயப்பட வேண்டியது மக்னீசியக் கலவையில் வார்த்த கியர்பெட்டி உறைகளுக்கு. பூச்சில் ஒரு கீறல், அதில் உப்பு, பக்கத்தில் இரும்பு ஆணி: மூன்றும் சேர்ந்தால் வெள்ளை மா போலப் பொங்கிக் குழி விழும். ஆணிகளை ஈரப் பசை பூசிப் பூட்டுவது அதற்காகத்தான்.

11. ரெண்டு பழுதாய் நிக்குது. ஒண்டைக் கழட்டி மற்றதை எழுப்பினால் என்ன?

செய்கிறார்கள், எல்லாப் படையிலும் நடக்கிறது. விலை என்னவென்றால் வேலை இரட்டிப்பு: இரண்டு தடவை கழற்றல், இரண்டு தடவை பூட்டல், ஒவ்வொரு தடவையும் புது வளையம், புதுப் பூட்டுக் கம்பி, புதுச் சோதனை ஓட்டம். பாகத்தின் மணிக்கணக்கும் அதோடு கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் 6இல் சொன்ன கடவுச்சீட்டுப் பிரச்சினை. நீண்ட நாள் இப்படி நிற்கிற ஹெலியைத் திரும்ப எழுப்புவது கடினம். சின்னச் சின்னதாகக் கழற்றினவற்றை யாரும் முழுதாக எழுதிவைப்பதில்லை.

12. இப்ப 3டி பிரிண்டரில அடிச்சு எடுக்கலாம்தானே?

காற்றுக் குழாய், மூடி, சின்னத் தாங்கி என்றால் சரி. ரோட்டர் கியரை அப்படி எடுக்க முடியாது. அதற்கான உருக்கை அழுக்கு நீங்க வெற்றிடத்தில் இரண்டு தடவை உருக்குவார்கள். வெட்டி, மேற்பரப்புக்கு மட்டும் காபன் ஏற்றிக் கடினமாக்கி, உள்ளே மென்மையாக விட்டு, அதன் பிறகு அரைப்பார்கள். அரைக்கும்போது ஓரிடம் கொஞ்சம் சூடானாலும் அந்த இடம் மென்மையாகும், கண்ணுக்குத் தெரியாது. அமிலத்தில் தோய்த்தால் கறுத்த நிழலாகத் தெரியும். பின்பு காந்தத்தூள் போட்டு விரிசல் பார்ப்பார்கள். ஒரு கியருக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான், கப்பலால் அல்ல.

13. மி-26 தான் பெரிசு எண்டால் ஏன் எல்லா நாடும் அதையே வாங்கேல்லை?

டி-136 எஞ்சின் செய்த இடம் உக்ரேனின் சப்போரீசியா. ஹெலியைப் பூட்டும் இடம் ரஷ்யாவின் ரொஸ்தோவ். சோவியத் காலத்தில் அது ஒரு நாட்டின் இரண்டு பட்டினம். 2014க்குப் பிறகு ரஷ்யப் படைத்துறைக்கான விநியோகத்தை உக்ரேன் நிறுத்தியது. ரஷ்யா பிடி-12வி என்ற மாற்று எஞ்சினை உருவாக்கத் தொடங்கியது. வாங்கின நாடுகளோ எஞ்சினுக்கு ஒரு பக்கம், உடலுக்கு மறுபக்கம் என்று நிற்க வேண்டி வந்தது.

சினூக் முதலில் பறந்தது 1961இல். இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கிறது. பல நாடுகளில் ஓடுவதால் பாகம், திருத்தும் கூடம், கைதேர்ந்த ஆள் எல்லாம் கிடைக்கும். ஜெர்மனி 2022இல் பெரிய சிஎச்-53கேயை விட்டுச் சினூக்கைத் தெரிந்தது, 60 ஹெலி. இதற்குள் விலையும் அரசியலும் உண்டு. ஆனாலும் பாகம் கிடைக்கும் ஹெலிதான் தூக்கும் ஹெலி என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

14. பழசைப் பெருப்பிச்சால் புதுசு வராதோ? ஏன் பதினைஞ்சு வருசம் எடுக்குது?

சிஎச்-53கே ஒப்பந்தம் 2006, முதல் பறப்பு 2015 ஒக்டோபர், சேவைக்குத் தயார் என்ற அறிவிப்பு 2022. எஞ்சின் மூன்று, ஒவ்வொன்றும் 7,500 குதிரைவலு. சோதனையில் ஒரு எஞ்சின் கழித்த சூடான புகையை இன்னொன்று திரும்ப உறிஞ்சியது. அதைத் தீர்ப்பதற்கே நீண்ட காலம் போனது. கணினியில் வராத பிழைகள் இவை.

நீளத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஏறும். சோவியத்தின் வி-12 ஹெலி, பழைய மி-6 ஹெலியின் இரண்டு ரோட்டர் தொகுதிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, 1969 ஓகஸ்ட்டில் 44,205 கிலோவை 2,255 மீற்றருக்கு ஏற்றியது. சாதனை இன்றும் அதனுடையதே. கட்டியது இரண்டுதான், ஏவுகணை சுமக்கும் தேவை மாறியதும் திட்டம் நின்றது. அமெரிக்காவின் எக்ஸ்சிஎச்-62 கனரக ஹெலி, முதல் மாதிரி முடியும் தறுவாயில் 1975இல் கைவிடப்பட்டது. அங்கும் சோதனையில் இடறினது கியர்பெட்டியின் பற்கள்தான்: சுமையில் சில்லின் விளிம்பு வளைவதை வடிவமைப்புக் கணக்கு சரியாகப் பிடிக்கவில்லை.

15. சிப் லைட் பத்தாமலே கியர்பெட்டி உடையுமோ?

உடையும். இரண்டு உதாரணங்கள், இரண்டும் கனரகம் அல்ல. வடகடலில் ஓடிய சுப்பர் பூமா ஹெலிக் குடும்பம். 2009 மார்ச் 25ஆம் திகதி ஒன்றில் துகள் கிடைத்தது. அதன் பொருள் சரியாக விளங்கிக்கொள்ளப்படவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி விழுந்தது, 16 பேர் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 29ஆம் திகதி நோர்வேயில் இன்னொன்றின் ரோட்டரே கழன்று பறந்தது, 13 பேர் இறந்தார்கள். இந்தத் தடவை துகளே கிடைக்கவில்லை. விரிசல் பெயாரிங் முகத்தில் ஒரு சின்னக் குழியில் தொடங்கி, உரியாமல் உள்நோக்கி வளர்ந்திருந்தது. உரிந்தால்தான் செதிள், செதிள் வந்தால்தான் விளக்கு. அதிர்வு உணரிகளும் எச்சரிக்கவில்லை.

ஆகவே 9இல் சொன்னது ஒரு பக்கத்துக்குத்தான் உத்தரவாதம்: விளக்கு பற்றினால் பழுது இருக்கலாம். பற்றாவிட்டால் பழுது இல்லை என்று எழுதக் கூடாது. கியர்பெட்டி கீழே விழுந்ததா, வண்டியில் வரும்போது அடிபட்டதா என்பதையும் புத்தகத்தில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். நோர்வேயில் உடைந்த கியர்பெட்டி, முந்தின வருடம் வீதியில் கொண்டு போகும்போது விபத்தில் சிக்கித் திருத்தப்பட்டது.